கிரீன்ஸ்டெட் மரத் தேவாலயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில், சிப்பிங் ஓங்கர் என்ற சிற்றூருக்கு மேற்கே சுமார் ஒரு மைல் தொலைவில் வயல்களுக்கு நடுவே நிற்கிறது கிரீன்ஸ்டெட் கிராமத்தின் புனித அந்திரேயா ஆலயம். இன்றும் நிற்கும் மரத் தேவாலயங்களில் உலகிலேயே பழையது இதுதான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. மக்கள் அமரும் கூடம் சுமார் 30 அடி நீளம், 14 அடி அகலம். ஒரு பள்ளி வகுப்பறை அளவுதான். இவ்வளவு சின்னக் கட்டடத்தைச் சுற்றித் தவறான ஆண்டுகளும் அழகான கதைகளும் நிறைய உலவுகின்றன. அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

எந்த ஆண்டில் கட்டப்பட்டது? ஓரிடத்தில் 845 என்கிறார்கள், இன்னோரிடத்தில் 1060 என்கிறார்கள்.

845 என்பது பழைய கணக்கு. அதை இப்போது விட்டுவிடலாம். 1995-ல் நடந்த மர வளைய ஆய்வு தந்த விடை: 1053, அதோடு 10 முதல் 55 ஆண்டுகள் கூட்டிக்கொள்ள வேண்டும். அதாவது மரங்கள் வெட்டப்பட்டது 1063-க்கும் 1108-க்கும் இடையில்.

இந்த "கூட்டிக்கொள்ள வேண்டும்" என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஓக் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலம், வறண்ட ஆண்டில் குறுகல். இந்த அகல-குறுகல் வரிசையை, ஆண்டு தெரிந்த மரங்களிலிருந்து தொகுத்த நீண்ட வரிசையோடு ஒட்டிப் பார்த்தால், ஒவ்வொரு வளையமும் எந்த ஆண்டுக்குரியது என்று சொல்லிவிடலாம். ஆனால் மரத்தின் வெளிப்பகுதியான வெளிறு மென்மையானது. தச்சர் அதைச் செதுக்கித் தள்ளியிருப்பார், அல்லது வண்டு அரித்திருக்கும். மிஞ்சுவது உள்ளே இருக்கும் வைரம் எனப்படும் கெட்டியான நடுமரம் மட்டுமே. கிரீன்ஸ்டெட்டில் மிஞ்சிய கடைசி வளையம் 1053-ஐச் சேர்ந்தது. அதற்கு வெளியே எத்தனை வளையம் போயிற்று என்பதை எண்ண முடியாது. ஆங்கிலேய ஓக் மரங்களில் வெளிறு பொதுவாக 10 முதல் 55 வளையம் வரை இருக்கும் என்பதை வைத்து மதிப்பிடத்தான் முடியும். மரப்பட்டை வரை முழுதாக ஒரு துண்டு கிடைத்திருந்தால் வெட்டிய ஆண்டையே துல்லியமாகச் சொல்லியிருக்கலாம்.

வெட்டிய ஆண்டையே கட்டிய ஆண்டாகக் கொள்வதில் பிழையில்லை. உலர்ந்த ஓக் இரும்புபோல் இறுகிவிடும், தச்சர் மரம் செதுக்கும் வாய்ச்சி ஏறாது. அதனால் அக்காலத் தச்சர்கள் பச்சை மரத்திலேயே வேலை செய்தார்கள்.

அப்படியானால் இது சாக்சன் ஆலயமா, நார்மன் ஆலயமா?

பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள், இங்கிலாந்தை ஆண்ட சாக்சன்களை வென்ற படையெடுப்பு 1066-ல். மேலே சொன்ன கால எல்லை அதன் இரு பக்கமும் விழுகிறது. கட்டுமான முறை சாக்சன் தச்சர்களுடையது என்பதில் ஐயமில்லை. ஆட்சி மாறிய மறுநாளே கிராமத் தச்சர் கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டார். ஆகவே "சாக்சன் கைவேலை" என்பது சரி, "சாக்சன் அரசர் காலத்தது" என்று உறுதியாகச் சொல்வது சரியல்ல.

புனித எட்மண்டின் உடல் 1013-ல் இங்கே வைக்கப்பட்டது என்பது உண்மையா?

எட்மண்ட் கிழக்கு ஆங்கிலியாவின் அரசர். 869-ல் டேனியர்களால் கொல்லப்பட்டவர். டேனியர் தாக்குதலுக்கு அஞ்சி அவருடைய உடலை லண்டனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கிருந்து அவருடைய கல்லறை மடம் இருந்த பரி (Bury St Edmunds) நகருக்குத் திரும்பும் வழியில், 1013-ல், ஓங்கர் அருகே இரவு தங்கினார்கள் என்பதும், அதன் நினைவாக அங்கே மரத்தாலான சிற்றாலயம் ஒன்று இருக்கிறது என்பதும் பரி மடத்துப் பதிவேட்டில் உள்ள செய்தி.

இந்தச் செய்தியை ஒதுக்கிவிடக் காரணமில்லை. ஆனால் இன்று நாம் பார்க்கும் சுவருக்கு அடியில் அந்த உடல் இருந்திருக்க முடியாது. 1013-ல் இந்த ஓக் மரங்கள் காட்டில் வளர்ந்துகொண்டிருந்தன. இதற்கு முன்பும் இங்கே ஓர் ஆலயம் இருந்திருக்கலாம்; அல்லது எட்மண்டின் நினைவுக்காகவே பிறகு இது எழுப்பப்பட்டிருக்கலாம். பதிவேட்டின் சொற்களை உற்று நோக்கினால் இரண்டாவதுதான் நெருங்கிப் பொருந்துகிறது.

முந்தைய கட்டடங்கள் இருந்தன என்பதற்கு மண்ணில் சான்று உண்டு. 1960-ல், பலிபீடம் இருக்கும் கிழக்குப் பகுதியான பீடப் பகுதியின் தரைக்குக் கீழே அகழ்ந்தபோது, இன்னும் பழைய இரண்டு மரக் கட்டடங்களின் தடயம் கிடைத்தது. அவை 6-ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என மதிப்பிட்டிருக்கிறார்கள். எசெக்ஸ் கரையோரம் பிராட்வெல் என்ற இடத்தில் புனித செட் சுமார் 654-ல் எழுப்பிய கல் ஆலயம் இன்றும் நிற்கிறது. அங்கே இடிந்த ரோமானியக் கோட்டையின் கல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கிரீன்ஸ்டெட்டில் கல் இல்லை, காடு இருந்தது.

சுவரை எப்படிக் கட்டினார்கள்?

இந்த ஆலயத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது; மெதுவாகப் படியுங்கள்.

ஓக் மரத்தை அறுக்கவில்லை, பிளந்தார்கள். அடிமரத்தின் முனையில் ஆப்பு வைத்து அடித்தால் அது தன் நார் போகும் வழியிலேயே இரண்டாகப் பிரியும். பிளந்த பாதியின் வளைந்த முதுகு வெளிப்பக்கம், தட்டையான முகம் உட்பக்கம். உள்முகத்தை வாய்ச்சியால் செதுக்கிச் சமன் செய்தார்கள். அந்த வெட்டுத் தழும்புகளை உள்ளே இப்போதும் பார்க்கலாம்.

அடுத்தது இணைப்பு. ஒவ்வொரு மரத்தின் இரு விளிம்பிலும் நெடுக ஒரு காடி, அதாவது ஒடுங்கிய பள்ளம், எடுத்தார்கள். இரண்டு மரங்களை ஒட்டி நிறுத்தியதும், இரண்டு காடிகளுக்கும் பொதுவாக மெல்லிய ஓக் பட்டை ஒன்று உள்ளே செருகப்பட்டது. பச்சை மரம் உலரும்போது சுருங்கும். மரத்துக்கு மரம் இடைவெளி விழும். காடிக்குள் இருக்கும் பட்டை அந்த இடைவெளியை மறைத்து, காற்றையும் சாரலையும் தடுக்கும். விளிம்போடு விளிம்பு வெறுமனே ஒட்டியிருந்தால் இரண்டே கோடையில் சுவர் சல்லடை ஆகியிருக்கும்.

மரங்களின் தலைப்பகுதியைச் சீவி, மேலே படுத்திருக்கும் உத்திரத்தின் காடிக்குள் நுழைத்து, மர முளை அடித்து இறுக்கினார்கள். இரும்பு ஆணி ஓக்கில் ஆகாது. ஓக்கின் துவர்ப்புச் சத்து இரும்பை அரிக்கும், மரமும் கருநீலமாகக் கறைபடும், ஆணி தளர்ந்துவிடும். மூலைகளில் மட்டும் பாதி மரம் போதாது. இரு பக்கமும் சுவர் சேர வேண்டும் என்பதால் முக்கால் உருண்டை மரம் வைத்திருக்கிறார்கள். இப்படி இன்று எஞ்சியிருக்கும் மரங்கள் 51.

பக்கச் சுவரின் உயரம் சுமார் ஐந்தரை அடிதான். முதலில் அதில் ஜன்னலே கிடையாது. விளக்கொளியில்தான் வழிபாடு.

900 ஆண்டுகளுக்கு மேலாக எப்படி அழுகாமல் நிற்கிறது?

கொஞ்சம் அழுகத்தான் செய்தது. எங்கே என்பதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம். தாக்குப்பிடித்ததற்குக் காரணங்கள் உண்டு. ஓக் வைரத்தில் உள்ள துவர்ப்புச் சத்து பூஞ்சைக்கும் பூச்சிக்கும் பிடிக்காது. பிளந்த மரத்தில் நார்கள் அறுபடுவதில்லை என்பதால் தண்ணீர் உள்ளே ஏறாமல் வழிந்துவிடும். ரம்பத்தால் அறுத்த பலகையில் நார்முனைகள் திறந்து கிடக்கும், ஈரத்தை உறிஞ்சும். வெளிமுகம் உருண்டையாக இருப்பதும் மழைநீரை நிற்கவிடாது. மரங்கள் செங்குத்தாக நிற்பது இன்னொரு நன்மை. படுத்திருக்கும் மரத்தில் வெடிப்பு விழுந்தால் அதில் நீர் தேங்கும். நிற்கும் மரத்தில் இறங்கிப் போய்விடும்.

1848-ல் என்ன செய்தார்கள்? அது நல்ல வேலையா, கெட்ட வேலையா?

மரச் சுவரின் பலவீனம் பாதத்தில் இருக்கிறது. எப்போதும் தண்ணீரில் மூழ்கிய மரமும் கெடாது, எப்போதும் உலர்ந்த மரமும் கெடாது. மண்மட்டத்தில், நனைந்து உலர்ந்து நனையும் ஓர் அடி உயரத்தில்தான் பூஞ்சை பிழைக்கும். கிரீன்ஸ்டெட் மரங்களின் பாதம் 19-ஆம் நூற்றாண்டுக்குள் அழுகிவிட்டது. 1848-ல் அழுகிய அடிப்பகுதியை அறுத்து நீக்கி, தாழ்வான செங்கல் சுவர் ஒன்றை எழுப்பி, அதன்மேல் புதிய அடிமரம் வைத்து, அதில் பழைய மரங்களை நிறுத்தினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தரைக்கும் ஓக்குக்கும் இடையே தெரியும் செங்கல் வரிசை அதுதான். செங்கல் முட்டுச்சுவர்களும், அலங்கார முன்மண்டபமும், கூரையிலிருந்து எட்டிப்பார்க்கும் ஆறு ஜன்னல்களின் இன்றைய வடிவமும் அந்தத் திருப்பணியின் கைவண்ணமே.

அந்த வேலை இல்லாவிட்டால் சுவர் இன்று இருக்காது. அந்த நன்றியோடு ஓர் இழப்பையும் சொல்ல வேண்டும். இந்த மரங்கள் முதலில் நேரே மண்ணில் புதைக்கப்பட்டிருந்தனவா, அல்லது படுக்கை மரம் ஒன்றின்மேல் நின்றனவா என்பது வட ஐரோப்பிய மரக் கட்டட வரலாற்றில் பெரிய கேள்வி. அதற்கு விடை சொல்லியிருக்கக்கூடிய பாதங்கள்தான் அறுத்து எறியப்பட்டன. 1877-ல் வில்லியம் மோரிஸும் நண்பர்களும் பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியது இத்தகைய விக்டோரியா காலத் "திருப்பணிகளை" எதிர்த்துத்தான். பழுது பார், புதுப்பிக்காதே என்பது அவர்கள் கொள்கை.

உலகிலேயே பழைய மரக் கட்டடம் என்று சொல்லலாமா?

கூடாது. ஜப்பானின் நாரா அருகே உள்ள ஹோர்யூ-ஜி புத்த ஆலயம் இதைவிடச் சில நூற்றாண்டுகள் மூத்தது. தேவாலயங்களுக்குள் மட்டுமே கிரீன்ஸ்டெட்டுக்கு முதலிடம். நார்வேயின் புகழ்பெற்ற ஊர்னெஸ் மர ஆலயம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரீன்ஸ்டெட்டிலும் அந்தப் பழமை கூடத்தின் சுவர்களுக்கு மட்டுமே உரியது; கூரைக்கோ கோபுரத்துக்கோ அல்ல.

கூடம் மரம், பீடப் பகுதி செங்கல். ஏன் இந்த வேறுபாடு?

ஆங்கிலேயக் கிராம ஆலயம் எதைப் பார்த்தாலும் இந்த ஒரு விதியை நினைவில் வையுங்கள்: பீடப் பகுதியைப் பழுதுபார்ப்பது ரெக்டரின் கடமை, மக்கள் அமரும் கூடத்தைப் பழுதுபார்ப்பது ஊராரின் கடமை. ரெக்டர் என்பவர் அந்தச் சேகரத்தின் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியின்) தசமபாகம் முழுவதையும், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, பெறும் உரிமையுள்ள குருவானவர். தானியம், வைக்கோல் போன்ற பெரிய தசமபாகத்தை மடமோ வேறொருவரோ எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் பெறும் குருவானவருக்கு விக்கர் என்று பெயர். கிரீன்ஸ்டெட்டில் இருந்தவர் ரெக்டர்.

பணப்பை இரண்டு என்பதால், ஒரே கட்டடத்தின் இரு பாதிகள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பொருளில் அமைவது இங்கிலாந்தெங்கும் காணக் கிடைப்பது. கிரீன்ஸ்டெட்டில் நார்மன் காலப் பீடப் பகுதியில் மிஞ்சியவை சக்கிமுக்கிக் கல் அடித்தளமும், பலிப்பாத்திரம் கழுவும் தூண்வடிவத் தொட்டியும்தான். அதற்கு மேலுள்ளது சுமார் 1500-ல், டூடர் அரச மரபின் காலத்தில், செங்கலில் எழுந்தது. கூரையில் கீற்றுக்குப் பதில் ஓடு வந்ததும் டூடர் காலத்தில்தான்.

கம்பளி வணிகத்தில் கொழித்த சஃபோக் ஊர்கள் 15-ஆம் நூற்றாண்டில் தங்கள் பழைய ஆலயங்களை இடித்து, வானளாவக் கல்லில் கட்டிக்கொண்டன. கிரீன்ஸ்டெட் சின்னச் சேகரம், பெருஞ்செல்வரும் இல்லை. இடிக்க வசதி இல்லாததால் மரக்கூடம் பிழைத்தது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கோபுரம் எப்போது வந்தது?

வெள்ளைப் பலகை வேய்ந்த மரக் கோபுரம் 17-ஆம் நூற்றாண்டின் ஸ்டூவர்ட் அரசர்கள் காலத்தது என்பர். அதிலுள்ள மணியில் "வில்லியம் லேண்ட் என்னைச் செய்தார், 1618" என்று பொறித்திருக்கிறது. மணியின் ஆண்டைக் கோபுரத்தின் ஆண்டாகக் கொள்வது எல்லா ஊரிலும் நடக்கும் தவறு. மணிகளை இடம் மாற்றுவார்கள், உருக்கி வார்ப்பார்கள், பழைய மணியைப் புதுக் கோபுரத்தில் தொங்கவிடுவார்கள். 1618 மணிக்கு மட்டுமே உறுதி.

சுவரில் உள்ள சிறு துளை தொழுநோயாளருக்கானதா?

வெளியே நின்று வழிபாட்டைப் பார்க்கத் தொழுநோயாளருக்கு விட்ட துளை என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆனால் அதன் பக்கத்திலேயே பழைய வாசல் இருந்தது. வாசலருகே இருப்பது உள்ளே நுழைவோர் விரல் நனைக்கும் தீர்த்தத் தொட்டிக்கான மாடம் என்பதே பொருத்தம். தெற்கு வாசல் அருகே கிடக்கும் 12-ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கல்லைச் சிலுவைப்போர் வீரருடையது என்பதும் அதேபோல வழிவழி வந்த பேச்சு.

டால்பட்டில் தியாகிகளுக்கும் இந்த ஆலயத்துக்கும் என்ன தொடர்பு?

1833-ல் டார்செட் மாவட்டம் டால்பட்டில் கிராமத்துப் பண்ணைத் தொழிலாளர் ஆறு பேர், கூலிக் குறைப்பை எதிர்த்துச் சங்கம் அமைத்தார்கள். சங்கம் அமைப்பது அப்போது குற்றமல்ல. அதனால் இரகசியச் சத்தியம் செய்துகொண்டார்கள் என்று வேறொரு சட்டத்தைத் தேடிப் பிடித்து, 1834-ல் ஏழாண்டு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். நாடெங்கும் எழுந்த கொதிப்பில் 1836-ல் மன்னிப்பு வழங்கப்பட்டது. திரும்பியவர்களுக்காக ஆதரவாளர்கள் நிதி திரட்டி எசெக்ஸில் பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அவற்றில் ஒன்று கிரீன்ஸ்டெட்டின் நியூ ஹவுஸ் பண்ணை. அறுவரில் ஒருவரான ஜேம்ஸ் பிரைன், இன்னொருவரான தாமஸ் ஸ்டான்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை 1839 ஜூனில் இந்த ஆலயத்தில் மணந்தார். பதிவேட்டில் அந்தத் திருமணம் இருக்கிறது. 1840-களில் ஹேமட் தவிர மற்ற ஐவரும் குடும்பத்தோடு கனடாவின் ஒன்டாரியோவுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

தொழிற்சங்க வரலாற்றில் அக்கறை உள்ளவர்களுக்கு, இந்தச் சின்னக் கூடத்தில் நிற்க அது ஒன்றே போதிய காரணம்.

சேகரப் பதிவேடுகளை எப்படித் தேடுவது? எங்கே சறுக்கும்?

எசெக்ஸ் சேகரங்களின் பழைய பதிவேடுகள் செம்ஸ்ஃபோர்டில் உள்ள எசெக்ஸ் ஆவணக் காப்பகத்தில் தேடப்பட வேண்டியவை. தேடுமுன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியச் சொன்ன ஆணை 1538-ல் வந்தது. முதலில் காகிதத்தில் எழுதினார்கள். 1598-ல், எல்லாவற்றையும் தோலில் படியெடுக்க வேண்டும், குறிப்பாக எலிசபெத் அரசி அரியணை ஏறிய 1558 முதல் என்று உத்தரவு வந்தது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பலரும் அதற்கு முந்தைய 20 ஆண்டுகளைப் படியெடுக்காமல் விட்டார்கள். பல சேகரங்களின் பதிவேடு 1558-ல் தொடங்குவது இதனால்தான்.

பெரும்பாலோர் சறுக்குவது ஆண்டுக் கணக்கில். 1751 வரை ஆங்கிலேய ஆண்டு மார்ச் 25-ல் பிறந்தது. பதிவேட்டில் "1665 பிப்ரவரி" என்று இருந்தால் நம் கணக்கில் அது 1666. ஏப்ரலில் மணம் முடித்தவர்களுக்கு அதே "ஆண்டு" பிப்ரவரியில் குழந்தை என்றால், முறைகேடு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எந்த ஏப்ரல், எந்த பிப்ரவரி என்று முதலில் வரிசைப்படுத்துங்கள்.

1754 முதல் திருமணத்துக்கு ஓலை வாசித்திருக்க வேண்டும் (ஆலயத்தில் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும்) அல்லது அனுமதிப் பத்திரம் பெற்றிருக்க வேண்டும். மணமக்களும் சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். கையெழுத்து இருக்கிறதா, பெருக்கல் குறி இருக்கிறதா என்பதே எழுத்தறிவுக்கு ஒரு சான்று. 1813 முதல் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் அச்சிட்ட படிவம். 1837 ஜூலை முதல் திருமணப் பதிவில் இரு தந்தையரின் பெயரும் தொழிலும் சேர்ந்தன. பிரைன் திருமணம் இந்தப் புதுப் படிவக் காலத்தில் நடந்தது.

பதிவேடு கிழிந்தோ தொலைந்தோ இருந்தால், ஆண்டுதோறும் பேராயருக்கு அனுப்பிய படிகள் உதவும். ஆனால் எந்தப் பேராயருக்கு? எசெக்ஸின் பெரும்பகுதி 1840-களின் நடு வரை லண்டன் மறைமாவட்டம், பிறகு ரோச்செஸ்டர், 1877 முதல் செயின்ட் ஆல்பன்ஸ், 1914 முதல் செம்ஸ்ஃபோர்டு. காலத்துக்கேற்ற இடத்தில் தேடுங்கள்.

இன்று பராமரிப்பில் எது பெரிய கவலை?

ஈரம்தான். அடைத்த மழைநீர்க் குழாய், பெயர்ந்த ஒரே ஓர் ஓடு, சுவரோரம் உயர்ந்துவிட்ட மண் எல்லாம் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடும். ஈரமான ஓக்கில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை இளக்கிய மரத்தில் "சாவுக்கடிகார வண்டு" முட்டையிடும். வசந்தத்தில் அது தலையால் மரத்தைத் தட்டும் ஒலியிலிருந்து வந்த பெயர் அது. புழு பல ஆண்டுகள் உள்ளேயே தின்றுவிட்டு, சுமார் 3 மில்லிமீட்டர் துளையிட்டு வெளியேறும். மருந்து தெளிப்பதைவிட ஈரத்தின் வழியை அடைப்பதே நிலைத்த தீர்வு. செங்கல் பகுதியில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற முடியாமல் செங்கல் முகம் உதிரும். சுண்ணாம்புச் சாந்துதான் வேண்டும்.

இங்கிலாந்துத் திருச்சபை ஆலயம் எதிலும் குருவானவரோ, சர்ச் வார்டன்கள் எனப்படும் சபைப் பொறுப்பாளர்களோ சிறு பராமரிப்பு வேலைகளைத் தவிர தாமாக எதையும் மாற்றிவிட முடியாது. மறைமாவட்டத்தின் முறையான அனுமதி வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடத்தைத் தகுதியுள்ளவர் பரிசோதிக்கவும் வேண்டும். 1955 முதல் அது விதி.

பார்க்கப் போனால் எப்படிப் பார்ப்பது?

லண்டனிலிருந்து சென்ட்ரல் வழித்தட ரயிலில் எப்பிங் வரை போய், அங்கிருந்து ஓங்கருக்குச் சாலை வழியே செல்ல வேண்டும். எப்பிங்–ஓங்கர் இடையே ஓடிய நிலத்தடி ரயில் சேவை 1994-ல் நின்றுவிட்டது. ஓங்கரிலிருந்து எசெக்ஸ் வே நடைபாதையில் அரைமணிக்குள் நடந்துவிடலாம். இது வழிபாடு நடக்கும் ஆலயம். ஞாயிறு காலையையும் திருமண நேரங்களையும் தவிர்த்துப் போவது நல்லது.

உள்ளே நுழைவதற்கு முன் வடக்குச் சுவரை வெளியிலிருந்து கீழிருந்து மேலாகப் பாருங்கள்: செங்கல், அடிமரம், ஓக், உத்திரம், ஓடு. பிறகு உள்ளே போய் அதே மரங்களின் தட்டை முகத்தைப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் கிளம்பிவிட்டால் வாய்ச்சித் தழும்பு ஒன்றுகூடக் கண்ணில் படாது. மரத்தைத் தொட வேண்டாம், விரலின் எண்ணெய்ப் பிசுக்கு தங்கிவிடும். சிறு கைவிளக்கு ஒன்றைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், ஒவ்வொரு வெட்டும் நிழலோடு எழுந்து தெரியும்.